பாவித்த பிளாஷ் கசெற் வாங்கப் போகிறீர்களா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகளும் அவர்களின் தகப்பன்மாரும் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் குரல் அனுப்பி அலுத்துப் போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பழைய கேம் கருவிகளுக்கான பிளாஷ் கசெற்றை இரண்டாம் கையாக வாங்குவது பற்றி மட்டும்தான் இது. பெட்டி உடைக்காத புதிது வாங்குகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

பிளாஷ் கசெற் என்றால் என்ன? சந்தையில் விற்கிற மஞ்சள் கசெற்றும் அதுதானா?

இல்லை. "9999 இன் 1" என்று ஒட்டியிருக்கிற மஞ்சள் கசெற்றில் கேம்கள் ஒரு சிப்பில் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும். அதில் உள்ளதுதான் உள்ளது. அதுவும் பத்து இருபது கேம்களைப் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். பிளாஷ் கசெற்றில் எஸ்டி காட் போடுகிற ஓட்டை இருக்கும். கேம் கோப்புகளைக் காட்டில் போட்டு, கசெற்றைக் கருவியில் செருகினால் மெனு வரும், விரும்பியதைத் தெரிவு செய்யலாம். எஸ்டி காட் ஓட்டை இல்லாத எதையும் பிளாஷ் கசெற் என்று யாராவது விற்க வந்தால், விலை கேட்கவே தேவையில்லை.

எந்தக் கருவிக்கு எந்தக் கசெற்?

இங்கே அதிகம் கைமாறுவது நான்கு வகை. ரிவி கேம் என்று நாங்கள் சொல்கிற பெமிகொம் வகைக்கு எவர்டிரைவ் என்8. பழைய கேம் பாய், கேம் பாய் கலருக்கு எவர்டிரைவ் ஜிபி வரிசை அல்லது ஈசி-பிளாஷ் ஜூனியர். கேம் பாய் அட்வான்சுக்கு ஈசி-பிளாஷ் ஒமேகா அல்லது எவர்டிரைவ் ஜிபிஏ. நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு ஆர்4 காட்டுகள்.

பெமிகொம் கசெற்றுக்கு 60 பின், அதன் அமெரிக்க, ஐரோப்பிய வடிவமான என்ஈஎஸ்ஸுக்கு 72 பின். என்8 இரண்டுக்கும் தனித்தனியாக வருகிறது. கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பியது பெரும்பாலும் 72 பின்னாக இருக்கும், உங்கள் வீட்டு ரிவி கேமில் 60 பின் ஓட்டை இருக்கும். இடையில் ஒரு மாற்றி (அடாப்டர்) போட்டு ஓட்டலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று: எங்கள் கடைகளில் விற்ற ரிவி கேம்களில் பெரும்பாலானவை அசல் பெமிகொம் இல்லை. உள்ளே திறந்தால் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குக் கீழே முழுக் கருவியும் ஒரே சிப்பாக இருக்கும். என்8 இதில் ஓடலாம், ஓடாமலும் விடலாம். ஆகவே விற்பவரின் கருவியில் ஓடிக் காட்டியதை மட்டும் நம்பாமல் உங்கள் கருவியையே தூக்கிக்கொண்டு போங்கள். பாரமில்லைத்தானே.

"அண்ணை, மெனு வருது, மரியோ ஓடுது, கொன்ட்ராவும் ஓடுது. வேற என்ன பாக்கக் கிடக்கு?"

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறவர்கள் இதை வாசியுங்கள்.

மரியோ ஓடுவது எதற்கும் சாட்சி இல்லை. முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைற்தான். அதில் சேவ், அதாவது விளையாடி வந்த இடத்தைச் சேமித்து வைப்பது, என்ற பேச்சே கிடையாது. கொன்ட்ராவும் அப்படித்தான். விற்பவர்கள் வீடியோவில் இந்த இரண்டையும் ஓட்டிக் காட்டுவதற்குக் காரணம் எல்லோருக்கும் பிடித்த கேம் என்பது மட்டுமில்லை, பாதி பழுதான கசெற்றிலும் இவை ஓடும்.

பாவித்த கசெற்றில் முதலில் சாவது சேவ். கேம் ஓடும், படம் தெளிவாக வரும், சத்தம் வரும், எல்லாம் சரி என்று காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவீர்கள். ஒரு கிழமை விளையாடி ஒரு கட்டத்துக்கு வந்து, அடுத்த நாள் போட்டால் முதலாவது கட்டத்தில் நிற்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சேவ் உள்ள கேம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கேம் பாய் என்றால் போக்கிமொன் வரிசையில் ஏதாவது ஒன்று, பெமிகொம் என்றால் செல்டா. தொடக்கத்தில் பெயர் கேட்கும் இடத்தில் உங்கள் பெயரையே அடியுங்கள், கொஞ்சம் நடந்து, சேவ் செய்யுங்கள். பிறகு கருவியை நிறுத்துங்கள். கசெற்றைக் கழற்றி மேசையில் வையுங்கள். உடனே திரும்பப் போடாதீர்கள். சில பலகைகளில் மின்தேக்கியில் நிற்கிற மிச்ச மின்சாரமே கொஞ்ச நேரம் சேவைப் பிடித்து வைத்திருக்கும். விற்பவரோடு கதையுங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் நின்றால் நல்ல பொருள்.

நிற்காவிட்டால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். சில பழைய மாதிரிகளில் கருவியை நிறுத்துவதற்கு முன் ரீசெற் அழுத்தி மெனுவுக்குத் திரும்பினால்தான் சேவ் எஸ்டி காட்டில் எழுதப்படும். வேறு சிலவற்றில் அடுத்த முறை கருவியைப் போடும்போதுதான் எழுதப்படும். அதுவரை அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி. எந்த மாதிரி என்று விற்பவரிடம் கேளுங்கள். கசெற்றை உண்மையிலேயே பாவித்தவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும். "அதெல்லாம் தானா சேவ் ஆகும் தம்பி" என்று இழுக்கிறவர் அதில் விளையாடியதே இல்லை, எங்கேயோ வாங்கி விற்கிறார்.

பற்றரி செத்துப்போனால் கசெற் அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. உள்ளே இருப்பது கைக்கடிகாரத்தில் வருகிற மாதிரி 3 வோல்ற் நாணயப் பற்றரி. மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தால் 3 வோல்ற்றுக்குக் கிட்ட நிற்க வேண்டும். 2.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். சாதகமான விஷயம் என்னவென்றால், செத்த பற்றரி விலை குறைக்க நல்ல சாட்டு.

மாற்றும்போது ஒன்றே ஒன்று கவனம். வெறும் நாணயப் பற்றரியை வாங்கி அதன் மேலேயே ஈயம் உருக்கி ஒட்டக்கூடாது. சூட்டுக்கு வெடிக்கலாம். இரண்டு பக்கமும் தகட்டுக்கால் வைத்து வருகிற பற்றரி இருக்கிறது, அதை வாங்கிக் காலில் ஈயம் வையுங்கள். போன் திருத்துகிற எந்தக் கடையிலும் இந்த வேலை தெரியும். ஆனால் கடைக்காரத் தம்பிக்கு இந்தப் பொருள் புதிது என்பதால் இதை வாயால் சொல்லிவிடுங்கள்.

ஈசி-பிளாஷ் ஒமேகாவில் பின்னர் வந்த டெபினிற்றிவ் பதிப்பு எப்ராம் என்ற நினைவகத்தில் சேவ் செய்கிறது. அதற்குச் சேவைத் தாங்கப் பற்றரி தேவையில்லை. ஒரே விலையில் பழைய ஒமேகாவும் இதுவும் கிடைத்தால் யோசிக்காமல் இதை எடுங்கள்.

பற்றரிக்கு இன்னொரு வேலையும் உண்டு: மணிக்கூடு. போக்கிமொன் கோல்ட், சில்வர் போன்றவற்றில் இரவு பகல் வருவது இதனால்தான். சேவ் அழியாமல் இருந்து நேரம் மட்டும் பிழையாகக் காட்டினால், உங்களுக்கு அது தேவையா என்று பார்த்து விலை பேசுங்கள். எல்லா மாதிரியிலும் மணிக்கூடு இல்லை. எவர்டிரைவ் ஜிபி வரிசையில் எக்ஸ்7 இல் உண்டு.

நகல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நகல் வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

எவர்டிரைவைச் செய்கிறவர் கிரிக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் உக்ரைன்காரர். அவருடைய பழைய மாதிரிகளைப் பார்த்து வேறு இடங்களில் நகல் செய்து மலிவாக விற்கிறார்கள். இந்தப் பக்கம் வந்து சேருவதில் நகல்கள் நிறைய.

நகல் ஓடாது என்று சொல்ல மாட்டேன். ஓடும். கேள்வி உங்கள் கருவிக்கு என்ன ஆகும் என்பதுதான். பெமிகொம், மெகா டிரைவ், சூப்பர் பெமிகொம், முதல் கேம் பாய் எல்லாம் 5 வோல்ற்றில் ஓடுகிறவை. இன்றைய நினைவகச் சிப்புகள் 3.3 வோல்ற்றுக்குச் செய்தவை. ஒழுங்கான பலகையில் இரண்டுக்கும் நடுவே வோல்ற்றேஜை மாற்றிக் கொடுக்க வரிசையாகச் சின்னச் சிப்புகள் இருக்கும். மலிவு நகலில் அந்தச் செலவை மிச்சம் பிடித்து நேரடியாகவே இணைத்துவிடுவார்கள். சிப் தாங்குகிற அளவுக்கு மேலே மின்சாரம் போகும், கருவியின் பக்கமும் இழுபடும். இன்றைக்கே ஒன்றும் எரியாது. அதனால்தான் "நான் ஒரு வருஷமா பாவிக்கிறன், ஒண்டும் நடக்கேல்ல" என்று சொல்ல ஆள் இருக்கும். கசெற் போனால் இன்னொன்று வாங்கலாம், 1989 இல் வந்த கேம் பாயை எங்கே போய் வாங்குவது?

கேம் பாய் அட்வான்ஸ் தன் கசெற்றுகளுக்கு 3.3 வோல்ற் கொடுக்கிற கருவி. அந்தக் கவலை அங்கே இல்லை. நகல்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாக நின்றால் அட்வான்சுக்கு வாங்குங்கள்.

கையில் வாங்கியதும் தங்கநிறப் பற்கள் இருக்கிற விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நல்ல பலகையில் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். நகலில் நேராக வெட்டிய கூர் நகத்தில் பிடிபடும். அந்தக் கூர்தான் செருகும் ஒவ்வொரு தடவையும் கருவிக்குள் இருக்கும் பின்களைச் சுரண்டுகிறது.

நகலில் மென்பொருள் புதுப்பிக்கப் போகாதீர்கள். அசலுக்கு வெளியிட்ட புதுப்பிப்பு நகலைக் கொன்றுவிடலாம். அசலோ நகலோ, கரண்ட் வெட்டுக்கிற நேரம் பார்த்து அந்த வேலையைத் தொடங்கவும் வேண்டாம்.

128 ஜிபி காட்டும் பத்தாயிரம் கேமும் சேர்த்துத் தருகிறாராம். அதற்கு விலை கூடக் கொடுக்கலாமா?

ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். கேம் பாய் அட்வான்ஸ் கேம் கோப்பு அதிகம் போனால் 32 மெகாபைற், பெமிகொம் கேம் ஒரு மெகாபைற்றைத் தாண்டுவதே அபூர்வம். 8 ஜிபி காட்டே உங்கள் ஆயுளுக்குப் போதும்.

அதோடு அந்தப் பெரிய காட் பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். 128 என்று எழுதியிருக்கும், உள்ளே எட்டோ பதினாறோதான் இருக்கும். நிரம்பும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், அதற்குப் பிறகு எழுதுவது பழையதை அழிக்கும். உங்கள் சேவும் அதில்தான் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கணினியில் சோதிக்கலாம். சோதிப்பதை விட, நம்பிக்கையான கடையில் ஒரு 16 ஜிபி காட் புதிதாக வாங்கிப் போடுவது லேசு.

வந்த காட்டை எப்படியும் அழித்து எழுதுங்கள். வைரஸ் ஒரு பக்கம். முன்பு வைத்திருந்தவரின் குடும்பப் படங்கள் அப்படியே கிடந்து வருவதும் உண்டு. அது உங்கள் கையில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அழிக்க முன், காட்டில் கசெற்றின் சிஸ்டம் கோப்புகள் எது என்று பார்த்து வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் மெனுவே வராது. பழுது என்று நினைத்துத் தூக்கி எறிந்த கசெற்றுகள் சிலவற்றுக்கு நோய் இவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் கணினி இல்லை. போனால் செய்யலாமா?

செய்யலாம். இந்தக் கசெற்றுகள் பெரும்பாலும் காட்டை ஃபாட்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் எதிர்பார்க்கும். 32 ஜிபியோ அதற்குக் குறைவோ ஆன காட்டை அன்ட்ரொயிட் போனில் அழித்தால் பொதுவாக அந்த முறையிலேயே வரும். அதற்கு மேற்பட்ட காட் வேறு முறையில் வரும், பல கசெற்றுகள் அதை வாசிக்காது. பெரிய காட் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். போன் "உள்ளகச் சேமிப்பாகப் பாவிக்கவா" என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். ஓம் என்றால் காட்டைப் பூட்டிவிடும், வேறெதிலும் திறக்காது.

டிஎஸ்ஸுக்கு ஆர்4 வாங்கினேன். நேற்றுவரை ஓடியது, இன்று மெனு வரவில்லை.

முதலில் டிஎஸ்ஸின் திகதியைச் சில வருடம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். பின்னாளில் வந்த ஆர்4 நகல்கள் பலவற்றில், ஒரு குறித்த திகதி தாண்டினால் வேலையை நிறுத்தும்படி செய்தவர்களே மென்பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்க வைக்கும் தந்திரம். வேறு மெனு மென்பொருள் போட்டாலும் தப்பலாம். பாவித்த ஆர்4 வாங்கும்போது கருவியின் திகதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சோதியுங்கள். விற்பவர் ஏற்கெனவே பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தால் விளங்கிவிடும்.

முதலில் வந்த அசல் ஆர்4 2 ஜிபிக்கு மேலான காட்டை வாசிக்காது. அது பழுதில்லை.

கசெற் போட்டதும் கேம் பாய் நின்று நின்று வருகிறது. கசெற்றா பழுது?

பெரும்பாலும் பற்றரி. பிளாஷ் கசெற் சாதாரணக் கசெற்றை விட அதிகம் மின்சாரம் குடிக்கும். முதல் கேம் பாய்க்கு பென்லைற் பற்றரி நாலு, கலருக்கும் அட்வான்சுக்கும் இரண்டு. கடையில் கிடைக்கிற மலிவுப் பற்றரியைப் போட்டால் காட்டை வாசிக்கிற அந்த நொடியில் வோல்ற்றேஜ் விழுந்து கருவி நின்றுவிடும். அல்கலைன் போடுங்கள், அல்லது சார்ஜ் ஏற்றுகிற பென்லைற். வாங்கப் போகும்போதும் புதுப் பற்றரி கொண்டு போங்கள், பிறகு ஆளுக்காள் குறை சொல்லத் தேவையில்லை.

இதை எழுதும்போது ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. கேம் பாய் உலகம் முழுக்க விற்ற தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குள் பென்லைற் பற்றரி தடைசெய்த சாமான். வானொலி கேட்கவே சைக்கிள் டைனமோவைச் சுற்றிய ஊர். 2002 இல் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்த பிறகுதான் ரிவி கேம் பெட்டிகள் இங்கே சாதாரணமாக வரத் தொடங்கின. ஆகவே "சின்ன வயசில விளையாடினது" என்று மற்ற ஊர்க்காரர் இவற்றைத் தேடுவதும், எங்களில் நாற்பது வயதுக்காரர் இப்போது முதல்முறையாகத் தேடுவதும் ஒன்றில்லை. அப்பாமாரே, பிள்ளைக்கு என்று சாட்டுச் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே வாங்குங்கள்.

பற்கள் கறுத்துப்போய், பச்சை பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

கறுப்பு என்றால் அழுக்கு. ஐசோபுரோப்பில் அற்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்தால் போகும். பச்சை என்றால் களிம்பு. தங்கப் பூச்சு போய்ச் செம்பு வெளியே வந்திருக்கிறது. முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக்காற்றில் கிடந்த பொருட்களில் இது சகஜம். இலேசான பச்சை துடைபடும், ஆனால் திரும்ப வரும். பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சப் பூச்சும் போய்விடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம்தான் களிம்புக்குத் தீன். மாரி காலத்தில், மருந்துப் போத்தலுக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தோடு சேர்த்து மூடின டப்பாவில் வையுங்கள்.

காசை முதலே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

தெரியாத ஆள் என்றால் வேண்டாம். யாழ்ப்பாணம், வவுனியா என்றால் நேரே போய்ப் பாருங்கள், அல்லது அங்கே இருக்கிற சொந்தக்காரர் யாரையாவது சேவ் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பிறகு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் பரந்தனிலோ மாங்குளத்திலோ நின்று எடுக்கலாம். கொழும்பு என்றால் பொருள் கையில் வந்ததும் காசு கொடுக்கிற கூரியர். ஆனால் பொதி உடைக்க முன்பே காசு கேட்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வீடியோ கேளுங்கள்: ஒரு தாளில் உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் எழுதி, பக்கத்தில் கசெற்றை வைத்து, வெட்டாமல் ஒரே எடுப்பில் சேவ் சோதனை. நேர்மையான ஆள் சலித்துக்கொண்டாலும் செய்து தருவார்.

வட்டாப்பளைப் பொங்கலுக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் கையில் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பு. அவர்களிடம் கசெற்றை மட்டும் கேளுங்கள், கருவியின் மின்மாற்றியைக் கேட்காதீர்கள். யப்பான் பெமிகொம் மின்மாற்றி 100 வோல்ற்றுக்குச் செய்தது, எங்கள் 230 இல் புகைந்துவிடும். இங்கே வாங்குகிற மின்மாற்றியிலும் கவனம்: பெமிகொம்முக்கு முனையின் நடுவே மறை (−) வர வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுவே நேர் (+).

இது சட்டப்படி சரியா?

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கேம்களுக்கும் பதிப்புரிமை உண்டு. எஸ்டி காட்டில் ஏற்றி விற்கிற பத்தாயிரம் கேமுக்கும் யாரும் அனுமதி வாங்கவில்லை. ஆர்4 விற்பனைக்கு எதிராக 2009 இல் தோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அடுத்த வருடம் இங்கிலாந்திலும் அப்படி. மறுபக்கம், பழைய கருவிகளுக்கு இன்றும் புதிதாக கேம் எழுதி இலவசமாக விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஏற்றுவதில் சிக்கல் இல்லை. அவற்றில் சில உண்மையிலேயே நல்லவை.

நிண்டெண்டோ சுவிட்ச் கருவிக்கும் இப்படி ஒன்று இருக்கிறதாமே, பாவித்தது மலிவாக வருகிறது?

அதைத் தொடாதீர்கள். பழைய கருவிகள் யாரோடும் கதைப்பதில்லை, சுவிட்ச் இணையத்தில் நிண்டெண்டோவோடு கதைக்கிறது. பிடிபட்டால் கருவியையே இணையச் சேவையிலிருந்து தடை செய்வார்கள். அப்படித் தடைபட்ட சுவிட்சும் இப்போது "நல்ல கண்டிஷன்" என்று விற்பனைக்கு வருகிறது. அதை வாங்க முன் ஈ-ஷொப்பை, அதாவது நிண்டெண்டோவின் இணையக் கடையை, திறந்து காட்டச் சொல்லுங்கள்.